கை மறிக்கும் வரை

எங்கள் ஊரில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அளவு பார்ப்பதில்லை. குடிக்கிறவன் கையை மறிக்கிற வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஏரல் போகிற வழியில், தாமிரபரணிக் கரையோரம் இருக்கிறது ஊர். உச்சி வெயிலில் யார் வீட்டு வாசலில் போய் நின்றாலும் முதலில் வருவது ஒரு செம்பு தண்ணீர். என்ன விஷயம் என்று கேட்பதெல்லாம் அதற்கப்புறம்தான். அண்ணாந்து ஊற்றிக்கொண்டால் தொண்டையில் இறங்கியது போக மிச்சம் கழுத்தில் வழிந்து சட்டையை நனைக்கும். வழிந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆறு பக்கத்தில் ஓடுகிறது, பானை நிறைய இருக்கிறது, பிறகென்ன?

இப்போது எனக்கு ஒரு நாளைக்கு 700 மில்லி.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். முந்தின நாள் எவ்வளவு சிறுநீர் கழிந்ததோ அதோடு 500 மில்லியைக் கூட்டிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். எனக்கு 200 மில்லி கழிகிறது. ஆகவே 700. தண்ணீர் மட்டும் 700 என்று முதலில் நினைத்திருந்தேன். காப்பி, மோர், ரசம், சோற்றில் விட்ட குழம்பின் ஈரம், மாத்திரை விழுங்கும் மடக்கு, வாயில் போட்டுக்கொள்ளும் ஐஸ் கட்டி எல்லாம் சேர்த்துத்தான் அது. காலையில் என் மனைவி ஒரு பாட்டிலில் 700 மில்லி அளந்து வைப்பாள். நான் அரை டம்ளர் காப்பி குடித்தால் அதே அரை டம்ளர் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுவாள். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. நேரம், என்ன குடித்தது, எத்தனை மில்லி என்று மூன்று கட்டம். பள்ளிக்கூடத்தில் அவள் எழுதிய எழுத்தைவிட இந்த நோட்டில் எழுதியது அதிகம் என்று நினைக்கிறேன்.

சிறுநீரகம் செயலிழந்தவனுக்குக் குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. முதலில் காலில் தேங்கும். பிறகு முகத்தில். பிறகு நுரையீரலில். இரவு படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கும். அப்படி உட்கார்ந்த இரவுகள் எனக்குண்டு. தலையணையை மடியில் வைத்துக் குனிந்தபடி விடியும்வரை இருந்தவனுக்கு 700 மில்லி ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் காரணம் தெரிந்தால் தாகம் அடங்குமா? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேச்சு குழறும். கனவில் ஆறு வரும். சித்திரை மாதம் முட்டளவு ஓடுகிற ஆறு, அடியில் மணல் தெரிகிற ஆறு. கனவில் நான் குடிப்பதே இல்லை என்பதுதான் வேதனை; கரையில் நின்று எத்தனை மில்லி இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

தண்ணீரை நிறுத்தப் பாடுபடாதீர்கள், உப்பை நிறுத்துங்கள், தாகம் தன்னால் குறையும் என்று உணவு ஆலோசகர் ஒருவர் சொன்னார். நான் கேட்ட அறிவுரைகளில் ஆக உண்மையானது அதுதான். மோர்மிளகாய் வற்றல், அப்பளம், எலுமிச்சை ஊறுகாய், பாக்கெட் மிக்சர் எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் வராது. மருமகள் அக்கறையோடு 'சோடியம் குறைந்த உப்பு' என்று ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். நல்லவேளையாக என் மனைவி அட்டையைத் திருப்பிப் படித்தாள். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருந்தார்கள். மற்றவர்களுக்கு அது நல்லதாகவே இருக்கலாம். என்னைப் போன்றவனுக்கு அது இதயத்தை நிறுத்தக்கூடியது.

ஒரு நாள் அவள் பரணிலிருந்து ஒரு பழைய டப்பாவை இறக்கினாள். உள்ளே பிள்ளைகளுக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடை. கறுத்துப் போயிருந்ததைத் திருநீறு போட்டு விளக்கிக் கழுவி, அதில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். டம்ளரில் குடித்தால் ஒரே மடக்கில் 100 மில்லி போய்விடும். பாலாடையின் மூக்கு வழியாக வந்தால் பத்து மில்லிகூட ஒரு வாய் நிறைந்த மாதிரி இருக்கும். எங்கள் மூத்தவன் குடித்த பாலாடை அது. அன்று முதல் அதில்தான் குடிக்கிறேன்.

இந்த நோய் வந்த காரணம் சுருக்கமானது. பத்து வருஷத்துக்கு மேல் ரத்தக் கொதிப்பு இருந்தது. தலைவலி வந்தால் மாத்திரை போடுவேன், வராவிட்டால் மாட்டேன். சிறுநீரகம் வலிக்காமலே பழுதாகும் என்று தெரியவில்லை. 2021-ல் டயாலிசிஸ் தொடங்கியது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம்.

அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இயந்திரத்தில் ஒரு குழல் இருக்கிறது. அதனுள்ளே தலைமுடி கனத்தில் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள். அவற்றுக்குள் என் ரத்தம் ஓடும். வெளிப்பக்கம் சுத்திகரித்து உப்புகள் கலந்த தண்ணீர் ஓடும். நிமிஷத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். ஒரு தடவைக்கு 120 லிட்டர் தண்ணீர் என் ரத்தத்தை ஒட்டி உரசிக்கொண்டு போகிறது, நடுவே ஒரு மெல்லிய தோல். அத்தனை தண்ணீருக்குப் பக்கத்தில் நாக்கு வறண்டு படுத்திருப்பேன். இந்தத் தோலுக்கு ஒரு கதை உண்டு. வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு மருத்துவர், நெதர்லாந்து ஜெர்மானியர் பிடியில் இருந்த 1943-ல், காம்பன் என்ற சிற்றூர் ஆஸ்பத்திரியில் முதல் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். சாசேஜ் என்கிற இறைச்சிப் பண்டத்தை அடைக்கப் பயன்படும் செல்லோபேன் உறையை ஒரு மர உருளையில் சுற்றி, அதற்குள் ரத்தத்தை ஓடவிட்டு, உருளையை உப்புத் தண்ணீரில் சுழற்றினார். முதலில் பலர் பிழைக்கவில்லை. 1945-ல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் நினைவு தப்பிய நிலையிலிருந்து மீண்டார். தின்பண்டத்தைச் சுற்றும் உறையிலிருந்து வந்த உயிர் என்னுடையது. கையில் ஊசி ஏறும்போது அவரை நினைத்துக்கொள்வேன்.

சமையலறையில் நடந்தது அதைவிடப் பெரிய மாற்றம்.

காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதே, சத்தெல்லாம் அதில்தான் என்று என் அம்மா மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். முப்பது வருஷம் அப்படியே செய்தவள் என் மனைவி. இப்போது அந்தச் 'சத்து'தான் வெளியே போக வேண்டும். காயைத் தோல் சீவிச் சின்னச் சின்னதாக நறுக்கி, வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் நிறைய விட்டு வேகவைத்து, அதையும் வடித்துவிட வேண்டும். பொட்டாசியம் தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும், எல்லாமே போகாவிட்டாலும் பெரும்பகுதி போகும். கூடவே மணமும் நிறமும் போகும். முதல் தடவை வடித்தபோது அவள் வாளியின் முன்னால் சட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கொட்ட மனசு வரவில்லை. கடைசியில் செம்பருத்திச் செடியில் கொண்டுபோய் ஊற்றினாள். அன்றைக்கிருந்து அந்தச் செடிக்கு என் பங்கு சத்து.

கீரையை இப்படி வடித்தால் என்ன மிஞ்சும்? முருங்கைக்கீரை அடியோடு நின்றது. எங்கள் பக்கம் ஆற்றுப் பாசனத்தில் விளைகிற ஏத்தன், நாடு, கோழிக்கூடு வாழைப்பழங்கள் நின்றன. கருப்பட்டிக் காப்பி, நிலக்கடலை, பனங்கிழங்கு எல்லாம் நின்றன. பாலும் பருப்பும் பாஸ்பரஸுக்காக அளவாயின. சோற்றோடு சேர்த்து விழுங்க ஒரு மாத்திரை, அது உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்து அதைப் போட்டால் பிரயோஜனம் இல்லை. இன்னொரு குழப்பம்: டயாலிசிஸுக்கு முன்பு வரை புரதத்தைக் குறைக்கச் சொன்னார்கள், தொடங்கிய பிறகு கூட்டச் சொன்னார்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்யும்போது புரதத்தின் ஒரு பகுதியும் போய்விடுகிறதாம். இரண்டு மூன்று முட்டைகளின் வெள்ளைக்கரு தினமும் என்று ஆனது.

எங்கள் ஊர்ச் சொதியைப் பற்றி எழுதாமல் இதைத் தாண்ட முடியவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி வைக்காவிட்டால் அது திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாணமே இல்லை. தேங்காயை மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் எல்லாம் வேகவிட்டு, பாசிப்பருப்பைக் குழைத்துச் சேர்த்து, இஞ்சிச் சாறு விட்டு, கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றி நுரை கூடியதும் இறக்குவார்கள். ஆறிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும், சூட்டில் பிழிந்தால் திரிந்துவிடும். பக்கத்தில் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும். தேங்காய்ப் பால், முருங்கை, உருளை, பருப்பு என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால் எனக்கு விலக்கிய பட்டியலை அப்படியே ஒரு பாத்திரத்தில் போட்ட மாதிரி இருக்கிறது.

2022-ல் என் தங்கை மகள் கல்யாணம். மறுவீட்டுப் பந்தியில் நானும் உட்கார்ந்தேன். சோற்றில் குழி பறித்துக் காத்திருந்தேன். என் மதினி சொதி வாளியோடு வந்தாள். "போதுமா அண்ணாச்சி?" என்று கேட்டபடியே ஊற்றினாள். நான் கையை மறிக்கவில்லை. இலை ஓரம்வரை ஓடி வந்ததை வழித்துச் சாப்பிட்டேன். சாயங்காலம் காலைத் தூக்க முடியவில்லை. இரண்டு கால்களும் யாருடைய கால்களோ போலிருந்தன. வாசல் படி ஒன்று ஏற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் பொட்டாசியம் 6.9 என்றார்கள், 5-க்குள் இருக்க வேண்டியது. ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டர் பேசவே இல்லை, நர்ஸைக் கூப்பிட்டு நரம்பில் கால்சியம் ஏற்றச் சொன்னார். இன்சுலினும் குளுக்கோஸும் ஏறின. ராத்திரியோடு ராத்திரியாக டயாலிசிஸ் நடந்தது. மதினிக்கு இன்றுவரை இது தெரியாது. தெரிய வேண்டாம். அவள் கையால் ஊற்றியது அன்பு.

ஊர் முழுக்க அந்த அன்புதான். பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். சீப்புப் பழம், ஆரஞ்சு, சத்துமாவு, தென்னந்தோப்பில் அப்போதுதான் இறக்கிய இளநீர். "கிட்னிக்கு இளநீரைப் போல மருந்து உண்டா, குடிய்யா" என்று சீவியே நீட்டுவார்கள். வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர் என்று தினம் ஒரு யோசனை. கல் அடைப்புக்காரருக்குச் சொல்லும் வைத்தியம் இது. வேலை நின்றுபோன சிறுநீரகத்துக்கு ஆகாது. ஒரு இளநீரில் 600 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். எனக்கு நாள் முழுவதற்கும் 2000-க்குள் என்று சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் இளநீரோடு வெயிலில் நடந்து வந்தவரிடம் எப்படிச் சொல்வது? வாங்கிக்கொள்வேன். அவர் போன பிறகு தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுவேன். அவர் எதிரிலேயே குடிக்கச் சொன்னால் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுவேன். அப்போது அவர் முகம் போகிற போக்கு இருக்கிறதே, அதற்கு இளநீரைக் குடித்துவிட்டே செத்துப்போகலாம் என்றுகூடத் தோன்றியிருக்கிறது. தருகிறவர் கையை வெறுமனே திருப்பி அனுப்புவது எங்களுக்குப் பழக்கமில்லை.

ஊரைவிட்டு வந்தது வெள்ளத்தால்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அப்போது எனக்குச் செவ்வாய், வியாழன், சனி. முந்தின நாள்தான் பஸ் ஏறிப் போய் டயாலிசிஸ் முடித்துவிட்டு வந்திருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி ஆறு கரை எது, வயல் எது என்று தெரியாமல் வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. ஏரல் பாலத்தில் போக்குவரத்து அறுந்தது. நாங்கள் பக்கத்து வீட்டு மாடியில் ஏறினோம். கீழே என் பிரியமான ஆறு எங்கள் நடுவீட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை போக முடியாது என்று திங்கள் காலையிலேயே தெரிந்துவிட்டது. மாடியில் இருபது பேருக்கு மேல். எல்லோரும் எப்போது தண்ணீர் வடியும் என்று பார்த்தார்கள். என் மனைவி நான் எத்தனை நாள் தாங்குவேன் என்று பார்த்தாள். மிஷின் கிடைக்காத நாள் வந்தால் என்ன செய்வது என்று எப்போதோ டயாலிசிஸ் மையத்தில் சொல்லியிருந்ததை அவள் மறக்கவில்லை. தண்ணீர் பாதி. உப்பு அறவே கிடையாது. பழம், காய், பருப்பு, பால் கிடையாது. வெள்ளைச் சோற்றை வடித்து, நெய்யும் சீனியும் போட்டுப் பிசைந்து கொடுத்தாள். மூன்று வேளையும் அதுதான். பக்கத்து வீட்டுக்காரி, அவள் இருந்த நிலையிலும், ஒரு கிண்ணம் நெய்யை முழுவதுமாக எங்களுக்கு எடுத்து வைத்துவிட்டாள். கிடைத்த உணவுப் பொட்டலத்தில் இருந்த பழத்தையும் பால் பவுடரையும் பிள்ளைகளிடம் கொடுத்தோம். வீட்டைவிட்டு ஏறும்போது அவள் எடுத்து வந்தது ரேஷன் கார்டு, என் ஆஸ்பத்திரி ஃபைல், பாலாடை. மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துக் காய்ச்சி, ஒரு நாளைக்கு 350 மில்லி. நான்கு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளம். நான் பாலாடையில் குடித்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் மாலை ஒரு டிராக்டரிலும் பிறகு ஒரு ஜீப்பிலும் போய்ச் சேர்ந்தோம். பொட்டாசியம் 5.8. "அஞ்சு நாளா? என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். அவள் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு மகன் விடவில்லை. 2024 பொங்கல் முடிந்ததும் தாம்பரத்துக்கு வந்துவிட்டோம். வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் டயாலிசிஸ் மையம். திங்கள், புதன், வெள்ளி மத்தியானம் 12 மணிக்கு. குடிக்கக் கேன் தண்ணீர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எனக்கு வேண்டியதே 700 மில்லிதானே. மாற்றுச் சிறுநீரகத்துக்கு மாநில உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிந்து வைத்திருக்கிறோம். வரிசை நீளம். இங்கே யாரும் என்னை எதையும் குடிக்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், கதவைத் தட்டினால் உள்ளே கூப்பிட்டு "காப்பி சாப்பிடுறீங்களா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். அது வசதியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேண்டாம் என்ற பிறகும் ஊற்றுகிற கையை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன ஆனி மாதம் ஊருக்குப் போனோம். வெள்ளிக்கிழமை 4 மணிக்கு மிஷினைவிட்டு இறங்கி, கையில் கட்டு பிரிக்காமலே இரவு ரயில் ஏறினோம். ஞாயிறு இரவு திரும்பி ஏறினால் திங்கள் 12 மணிக்குப் போய்விடலாம். அந்த இரண்டு நாள் இடைவெளிதான் வாரத்தில் நீளமானது, ஆபத்தானதும். கையோடு அரிசி, நெய், பாட்டில், நோட்டு எல்லாம் எடுத்துப் போனாள்.

படித்துறையில் வெள்ளம் அரித்த பள்ளத்தில் இன்னும் மண் நிரப்பவில்லை. ஆற்றில் தண்ணீர் குறைவாக, அமைதியாக இருந்தது. கால் நனைத்துவிட்டுத் திரும்பி வருகிற வழியில் தெருமுனை வீட்டுப் பெரியம்மை திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். எண்பது தாண்டியவள். கண் சரியாகத் தெரியாது.

"யாரு அது?"

சொன்னேன்.

"எய்யா, நீயா! என்ன இப்படி மெலிஞ்சு போய்ட்டே" என்று என் கையைத் தடவினாள். டயாலிசிஸ் ஊசி ஏற்றும் ஃபிஸ்டுலா துடிக்கிற இடத்தில் விரல் பட்டதும் ஒரு நிமிஷம் அங்கேயே வைத்திருந்தாள். அதென்ன என்று கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு செம்போடு வந்தாள். பித்தளைச் செம்பு. வெளிப்பக்கம் வியர்த்திருந்தது.

"மம்பானத் தண்ணி. கையைக் குவி."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படியில் குனிந்து உட்கார்ந்து வாயருகே கையைக் குவித்தேன். கிழவியின் கை நடுங்கியது. பாதித் தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடிச் சட்டைக்குள் போனது. மிச்சம் உள்ளே இறங்கியது. சிறு வயதில் குடித்த அதே மண் வாசம். போதுமா என்று அவள் கேட்கவில்லை. நான் கையை மறிக்கவில்லை. செம்பு காலியானதும் அவளே நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி நோட்டைத் திறந்து காலை மாத்திரைக்கு 30, மத்தியான மோர் 60 என்று எழுதினாள். மூடி வைத்துவிட்டாள்.

திங்கள் மத்தியானம் தராசில் ஏறினேன். சனி ஞாயிறு கழிந்து எனக்கு வழக்கமாக ஏறுவது 1.9 கிலோ. அன்று 2.2.

"முந்நூறு கிராம் கூட இருக்கே சார்?" என்றார் டெக்னீஷியன்.

"ஊருக்குப் போய்ட்டு வந்தோம் தம்பி" என்றாள் என் மனைவி.